எங்கள் வீட்டில் எலுமிச்சை மரம் இல்லை

என் வலது கையைப் பற்றிச் சிதம்பரத்தில் இரண்டு கதைகள் உலவுகின்றன. எலுமிச்சை முள் குத்திச் சீழ் வைத்துவிட்டது என்பது ஒன்று. எனக்குக் காசநோய், குடும்பத்தார் மூடி மறைக்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது கதையை என்னிடமே வந்து சொன்னவர், நான் தலைமை வகிக்கும் திருமுறை மன்றத்தின் உறுப்பினர். மிகுந்த அனுதாபத்தோடு சொன்னார். சொல்லி முடிக்கும்வரை கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். தவறான விடையின் மேல் கோடு போடாமல் தாளைத் திருப்பித் தந்து பழக்கமில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதைப் படிப்பவர் யாருக்காவது கையில் ஆறாத கட்டி ஒன்று இருக்குமானால், அவருக்கு இது வதந்தியைக் காட்டிலும் பயன்படும்.

ஊரில் பலர் அறியாத செய்தி ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் மீன் பிடிப்பவன். உண்பவன் அல்லன். எங்கள் குடும்பத்தில் எவரும் புலால் தொட்டதில்லை, நானும் தொட்டதில்லை. பிடித்த மீனை அதே நீரில், அதே நிமிடத்தில் விட்டுவிடுவேன். உதகையில் பணியாற்றிய ஆண்டுகளில் தாவரவியல் துறை நண்பர் ஒருவர் இதைக் கற்றுக்கொடுத்தார். ஃப்ளை ஃபிஷிங் என்பார்கள். நான் ஈத்தூண்டில் என்று எழுதுகிறேன்.

சாதாரணத் தூண்டிலில் இரைக்கு எடை உண்டு. அந்த எடைதான் தூண்டிலின் நைலான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஈத்தூண்டிலில் இரை என்பது கொக்கியின் மேல் இறகும் நூலும் கட்டிய ஒரு பொய்ப் பூச்சி. ஊதினால் பறந்துவிடும். இங்கே எடை கயிற்றில் இருக்கிறது. கழியை வளைத்துக் கயிற்றைக் காற்றில் பின்னே வீசி, அது முழுவதும் நீண்டு நிற்கும்வரை பொறுத்து, பிறகு முன்னே வீச வேண்டும். பொறுக்காதவன் கயிறு சாட்டை மாதிரி சொடுக்கும். பூச்சி அறுந்து போகும். உதகையில் மெல்லிய கழியும், குளிர்ந்த ஓடையின் டிரவுட் மீன்களும். இங்கே கிள்ளைக்கு அருகில் உப்பனாற்றில் கொடுவா மீனுக்கும் கடற்காற்றுக்கும் ஈடுகொடுக்க, கனமான கயிறும் அதற்குத் தக்க ஒன்பதடிக் கழியும் வேண்டும். கழி நான்கு துண்டாகப் பிரியும். கொக்கியில் மீனின் வாயைக் கிழிக்கும் எதிர்ப்பல் ஒன்று இருக்கும். அதை இடுக்கியால் நசுக்கிவிட்டுத்தான் நான் பயன்படுத்துவேன்.

ஓய்வு பெற்ற பின் எனக்கு உறக்கம் கெட்டது. இரத்த அழுத்தம் ஏறியது, மாத்திரையும் ஏறியது. வீட்டில் யார் எதைச் சொன்னாலும் எரிந்து விழுந்தேன் என்று என் மனைவி தையல்நாயகி சொல்வாள், மறுக்கப் போவதில்லை. ஆற்றங்கரைக்குப் போகத் தொடங்கிய பிறகு மாத்திரையின் அளவைக் குறைத்தது என்னுடைய மருத்துவர்தான், நானல்லன். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பின்வீச்சில் கயிறு நீளும்வரை மனிதன் மூச்சைச் சீராக விட்டுக் காத்திருந்தே ஆக வேண்டும். காலை முழுவதும் அப்படிக் காத்திருந்தவன், வீட்டில் சட்னியில் உப்பு ஜாஸ்தி என்பதற்காகக் கத்த மாட்டான்.

அப்படி ஒரு காலையில் நல்ல கொடுவா ஒன்று சிக்கியது. கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்பு போய்விடும், பின்னர் நோய் பிடிக்கும். முறைப்படிதான் செய்தேன். விடும்போது அது திமிறியது. கொடுவாவின் செவுள்மூடியின் ஓரம் பிளேடு போன்றது. வலது கை நடுவிரலின் அடியில் சிறு கீறல். கழுவினேன். வீட்டுக்கு வந்து மருந்து போட்டேன். ஒரு வாரத்தில் மூடிக்கொண்டது.

மூடிய இடத்தில், ஒரு மாதம் கழிந்து, சிவப்பாக ஒரு முடிச்சு எழுந்தது. வலியில்லை. பிறகு புறங்கையில் ஒன்று. பிறகு முன்கையில் ஒன்று. மணிகளைக் கோத்தது போல் மேலே ஏறிக்கொண்டு போயிற்று.

இங்கே என் மைத்துனர் சபாநாயகத்தை அறிமுகப்படுத்த வேண்டும். என் மனைவியின் தம்பி. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். நல்லவர், உதவுபவர். ஆனால் ஒருவரிடம் கேட்ட கேள்விக்கு அவரை முந்திக்கொண்டு விடை சொல்வதைப் பிறவிக் கடமையாகக் கொண்டவர். சிதம்பரத்தில் நான் பார்த்த முதல் மருத்துவரிடம் அவர்தான் அழைத்துச் சென்றார். மருத்துவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். இரத்தம் எடுக்க என்னை அடுத்த அறைக்கு அனுப்பினார். நான் திரும்பி வருவதற்குள் இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

"பெரியவருக்கு சுகர் இருக்கா?" என்று மருத்துவர் அவரிடம் கேட்டார்.

"லைட்டா இருக்குது சார்," என்றார் சபாநாயகம்.

அந்தப் 'பெரியவர்' இருவருக்கும் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காது நன்றாகக் கேட்கும். நினைவும் குறையவில்லை. இதைப் பிற்பாடு கடலூரிலும் ஒவ்வோர் அறையிலும் கண்டேன். தலை நரைத்தவன் நோயாளியாக வந்தால், அவன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பொருள். விவரம் வேண்டுமென்றால் கொண்டுவந்தவரிடம் கேட்பார்கள். இந்த அவமரியாதை என் விரலை எவ்வளவு தூரம் கொண்டுபோய்விட்டது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முடிச்சிலிருந்து சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். கிரானுலோமா என்று முடிவு வந்தது. உடலால் கொல்ல முடியாத கிருமியைச் சுற்றி உடலே எழுப்பும் மதில் சுவர் என்று அதற்குப் பொருள். உள்ளே இருப்பது எந்தக் கிருமி என்பதை மதில் சொல்லாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் எதுவும் வளரவில்லை. "ஃபங்கஸ்தான். இந்த மாதிரி வரிசையா ஏறுறது அதுக்கு வழக்கம்," என்று மருத்துவர் சபாநாயகத்திடம் சொன்னார். பூஞ்சைக்கான கேப்ஸ்யூல்கள் கொடுத்தார். இரண்டு மாதம் தவறாமல் விழுங்கினேன். வயிறு புரண்டது, சோறு கசந்தது. தையல்நாயகி மிளகு ரசத்தை இளஞ்சூடாக ஆற்றி டம்ளரில் ஊற்றிக் கொடுப்பாள். அது ஒன்றுதான் தங்கியது. விரலோ வீங்கிக்கொண்டே போயிற்று. பிறகு மடங்க மறுத்தது. சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள். அதைக் குறித்து அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் கௌரவத்தை அந்த வீட்டில் அறிந்தவள் அவள் ஒருத்திதான்.

கடலூருக்கு அனுப்பினார்கள். ஆலப்பாக்கம் தாண்டும்வரை காரில் சபாநாயகம் பேசிக்கொண்டே வந்தார். கடலூர் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் காற்றாடி சுழன்றது. டோக்கன் எண் சுழலவில்லை. சுவரிலிருந்த தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே, இரத்தம், மீண்டும் இரத்தம். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்திருந்தபோது ஆணி அடிப்பது போன்ற ஓசை. விரலை மடக்கும் தசைநாண் ஓர் உறைக்குள் வழுக்கி ஓடுகிறது; அந்த உறை முழுவதும் அழற்சி என்று தெரிந்தது. அறுத்துத் திறக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் பிற்பகல், கட்டு மாற்ற வந்த செவிலிப் பெண் கையைத் தாங்கிப் பிடித்தபடி பேச்சுக் கொடுத்தாள்.

"எலுமிச்ச மரம் ரொம்பப் பெரிசா சார்? ஒரு முள்ளு இம்மாம் வேல பண்ணியிருக்குதே."

"எந்த மரம்?"

"உங்க வூட்டு மரந்தான் சார். கொல்லையில காய் பறிக்கும்போது குத்திடுச்சின்னு உங்க மச்சான் சொன்னாரே. டாக்டரு கேக்கறப்பல்லாம் அதான சொல்றாரு."

"எங்கள் வீட்டில் எலுமிச்சை மரம் இல்லை. ஒரு மல்லிகைக் கொடி இருக்கிறது. அதற்கு முள் கிடையாது."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்து, "சார், இன்னிக்கு என்னா கிழமைன்னு சொல்லுங்க பாப்போம்," என்றாள்.

கிழமையைச் சொன்னேன். திதியையும் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

மாலையில் ஃபிளாஸ்கோடு சபாநாயகம் வந்தார். தையல்நாயகி ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சபாநாயகம், நம் வீட்டில் எலுமிச்சை மரம் எங்கே இருக்கிறது?"

அவர் ஃபிளாஸ்கைக் கீழே வைத்தார். "மெதுவா பேசுங்க மாமா. பக்கத்துப் பெட்டுல ஆளு இருக்குது."

"எங்கே இருக்கிறது என்று கேட்டேன்."

"வேற என்னா மாமா சொல்லச் சொல்றீங்க? திருமுறை மன்றத் தலைவரு ஆத்துல மீன் புடிக்கப் போனாரு, மீனு கைய கிழிச்சிடுச்சின்னா? சிதம்பரத்து டாக்டருக்கு மாமியார் வூடு பெண்ணாடம். நம்ம அரசிய பொண்ணு பாத்துட்டுப் போனவங்களும் பெண்ணாடம். சுத்த சைவக் குடும்பம். காதுல வுழுந்தா என்னா ஆவும்?"

அரசி எங்கள் இளைய மகள். சென்னையில் வேலை பார்க்கிறாள். அந்த இடம் அவளுக்கும் பிடித்திருந்தது. நிச்சயத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அதற்காக மருத்துவரிடம் பொய் சொல்வதா?"

"முள்ளுன்னா என்னா, செவுளுன்னா என்னா மாமா? ரெண்டும் கிழிக்கறதுதான? மருந்து ஒண்ணாத்தான் இருக்கும்னு நெனச்சேன். ஒரு தடவ சொல்லிட்டேன், அப்புறம் மாத்திச் சொன்னா நம்மள என்னா நெனப்பாங்க?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் பழத்தின் நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "தெரிஞ்சிருந்தா மரத்த மொதல்ல நட்டு வெச்சிட்டுப் பொய் சொல்லுடான்னு சொல்லியிருப்பேன்."

"நிச்சயம் முடியட்டும் மாமா," என்றார் சபாநாயகம். "அப்புறம் கீழவீதியில மைக்கு வெச்சி சொல்லுங்க. இன்னிக்கு மட்டும் வேணாம். அவுங்க வராங்க."

வந்துவிட்டார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

சம்பந்தியாகப் போகிறவர் சிவப்பிரகாசம். சர்க்கரை ஆலையில் கரும்புப் பிரிவில் அதிகாரியாக இருந்தவர். நெற்றி நிறையத் திருநீறு. அவருடைய மனைவி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, என் கட்டைப் பார்த்துக் கண் கலங்கினார். "எலுமிச்ச முள்ளு பொல்லாததுங்க. எங்க ஓர்ப்படிக்கும் குத்தி ஒரு வாரம் காச்சல்," என்றார். தையல்நாயகி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து, "வாங்க, கீழ கேன்டீன்ல காபி நல்லாருக்கும்," என்று அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அவள் செய்த உதவிகளில் அதுவும் ஒன்று.

அவர்கள் படி இறங்கும் ஓசை அடங்குவதற்குள் அறுவை மருத்துவர் வந்தார். வழக்கம் போல் என்னைக் கடந்து சபாநாயகத்திடம் போய் நின்றார்.

"நாளைக்குக் காலைல தியேட்டர். தெறந்து பாப்போம். தசைநாண் நல்லா இருந்தா சுத்தம் பண்ணி மூடிடலாம். அரிச்சிருந்தா விரல எடுக்க வேண்டி வரும். திரும்ப ஃபங்கஸ் டெஸ்டுக்குத்தான் அனுப்பறோம். பெரியவர்கிட்ட நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க."

எடுக்கப் போகும் விரல், பேசிக்கொண்டிருந்த அவருடைய கோட்டுக்கு ஒரு முழத் தொலைவில் தலையணை மேல் கிடந்தது.

வாழ்நாளில் பலமுறை சினம் கொண்டிருக்கிறேன். ஆனால் அப்போது வந்தது வேறு வகை. குரல் உயரவில்லை. சபாநாயகம் என்னைப் பார்த்துத் தலையை மிக மெல்ல இடம் வலமாக ஆட்டினார். சிவப்பிரகாசம் கட்டிலின் கால்பக்கம் கை கட்டி நின்றார். வாய் மூடிக்கொண்டால் மகளின் நிச்சயம் நடக்கும், மன்றத் தலைவனின் பெயர் நிற்கும், விரல் போகும். வாய் திறந்தால் எது நிற்கும், எது போகும் என்று எனக்குத் தெரியாது.

"டாக்டர்," என்றேன். "விரல் என்னுடையது. என்னிடம் சொல்லுங்கள். அதற்கு முன் நான் சொல்வதைக் கேளுங்கள். முள் எதுவும் குத்தவில்லை. உப்பனாற்றில் தூண்டில் போட்டுக் கொடுவா பிடித்தேன். அதன் செவுள் கிழித்தது."

சபாநாயகம் கண்ணை மூடிக்கொண்டார்.

மருத்துவர் திரும்பினார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகில் உட்கார்ந்தார். அந்த மருத்துவமனையில் என் கண்மட்டத்துக்கு வந்து என்னோடு பேசிய முதல் மருத்துவர் அவர்தான். "உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?" என்றார். "கழிமுகம். கலந்த நீர்," என்றேன். எவ்வளவு நாளாயிற்று, எத்தனை நாளில் முடிச்சு வந்தது, கட்டி சூடாக இருந்ததா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். நான் வரிசையாகச் சொன்னேன். அவர் சபாநாயகத்தை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையை நான் வருணிக்கத் தேவையில்லை.

பிறகு விளக்கினார். காசநோய்க் கிருமியின் தாயாதி ஒன்று நீரில் வாழ்கிறது. ஆற்றிலும் கடலிலும் இருக்கும். வீட்டு மீன் தொட்டியிலும் இருக்கும். கீறல் வழியே கைக்குள் போகும். மெதுவாக முடிச்சு முடிச்சாக ஏறும். முள்ளால் வரும் பூஞ்சையும் இப்படியே ஏறுவதால், எதனால் காயம் பட்டது என்ற ஒரு விடையை வைத்துத்தான் இரண்டில் ஒன்றை முதலில் சந்தேகிப்பார்கள். மனித உடலின் சூடு இந்தக் கிருமிக்கு ஒத்துக்கொள்ளாது; அதனால்தான் குளிர்ச்சியான கைவிரல்களைப் பிடிக்கிறது. சோதனைக்கூடத்தில் வழக்கமான சூட்டில் வைத்தால் வளராது, வெப்பத்தைக் குறைத்து வைக்க வேண்டும். முதல் சோதனையில் ஒன்றும் வளராமல் போனதற்குக் காரணம் அது. என்னிடம் யாரும் கேட்கவில்லை, கேட்ட இடத்தில் பொய் விடை.

அங்கேயே தொலைபேசியை எடுத்துச் சோதனைக்கூடத்துக்குச் சொன்னார். எழுந்து போகும்போது, "தேங்க்ஸ் சார்," என்றார். பெரியவர் என்பது சார் ஆகிவிட்டது.

என் கட்டிலருகே மூன்று ஆண்கள் மிஞ்சினோம். முதலில் வாய் திறந்தவர் சிவப்பிரகாசம்.

"கொடுவாவா?"

"ஆம்."

"எவ்ளோ இருக்கும்?"

"நான்கு கிலோ இருக்கலாம்."

"என்னா பண்ணீங்க?"

"விட்டுவிட்டேன்."

"வுட்டுட்டீங்களா?"

"நான் உண்பதில்லை. பிடிப்பது மட்டும்தான்."

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, மிகவும் தணிந்த குரலில், உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "நாலு கிலோ கொடுவாவ போயி வுட்டுட்டீங்களே சம்பந்தி. ஆலையில இருந்தப்ப திட்டக்குடி பக்கம் கேம்ப்புன்னா, பசங்க பரங்கிப்பேட்டையிலேர்ந்து வாங்கியாருவாங்க. அந்தக் கொழம்பு இருக்குதே..." மறுபடியும் வாசலைப் பார்த்தார். "வூட்லதான் சைவம். இது நமக்குள்ள."

சம்பந்தி என்று அவர் சொன்னதைச் சபாநாயகம் கவனித்துவிட்டார். முகம் மலர்ந்து, "பாத்தீங்களா மாமா, நான்தான் வீணா பயந்துட்டேன்," என்றார்.

என் கோபம் அந்த வினாடியில் தணிந்திருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். இரு மடங்காயிற்று. கொடுவாக் குழம்பின் ருசி தெரிந்த ஒருவர் முகம் சுளித்துவிடுவாரோ என்று அஞ்சி, அதைத் தொட்டே அறியாத என் விரலை மாதக்கணக்காகப் பணயம் வைத்திருக்கிறார்கள். யாரிடம் கோபப்படுவது என்பதுகூட எனக்குச் சரியாக விளங்கவில்லை. ஆரஞ்சுச் சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அன்று இரவு தையல்நாயகி தொலைபேசியில் அரசியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அரசி என்னிடம் கொடுக்கச் சொன்னாள். "அப்பா, இவுங்க வேணாம்னா வேற எடம் பாத்துக்கலாம். வெரலுக்கு வேற எடம் பாக்க முடியுமா?" என்றாள். "மாமாவ திட்டாதீங்க. நான் வந்து திட்டிக்கறேன்." முதல் பேருந்திலேயே புறப்பட்டு, தியேட்டருக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போகும் நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். கட்டணத்தை அவள்தான் செலுத்தினாள். எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை. நானும் இங்கே எழுதப் போவதில்லை.

அறுவை சிகிச்சைக்குக் கையை மட்டும் மரக்கச் செய்தார்கள். அக்குளருகில் ஊசி, சிறிது நேரத்தில் கை என்னுடையதாக இல்லாமல் போயிற்று. முகத்துக்கும் கைக்கும் நடுவே பச்சைத் துணி. விழித்திருந்தேன். கருவிகள் தட்டில் விழும் ஓசை கேட்டது. அச்சமாக இருந்தது, மறைப்பதற்கில்லை. அந்த அச்சத்தோடு செய்ய எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். மனத்துக்குள் கழியைப் பூட்டினேன். மணிக்கட்டை இறுக்கி, முழங்கையை விலாவோடு சேர்த்து, கயிற்றை நீரிலிருந்து உயர்த்தினேன். பின்னே வீசினேன். நிறுத்தினேன். கயிறு நீளட்டும். இன்னும் நீளட்டும். இப்போது முன்னே. மேஜைக்குத் தலைமாட்டில் இருந்த மயக்க மருந்து நிபுணர், "பி.பி. எறங்கி நார்மலுக்கு வந்துடுச்சே, ஊசி ஏதும் குடுத்தீங்களா?" என்று யாரையோ கேட்டது காதில் விழுந்தது. நான் விடை சொல்லவில்லை. கயிறு பின்னால் இருந்தது.

உறையைத் திறந்தபோது உள்ளே அரிசிக் குருணை போல வெள்ளை வெள்ளையாக இருந்ததாம். சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். தசைநாண் தப்பியிருந்தது. "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா சொல்லியிருக்க முடியாது சார்," என்றார் மருத்துவர். இம்முறை என்னிடம்தான் சொன்னார். குறைந்த சூட்டில் வைத்ததில், சில வாரங்களில் கிருமி வளர்ந்தது. அவர் சொன்ன அதே தாயாதி.

மருந்துகளில் இரண்டு, காசநோய்க்கும் கொடுக்கப்படுபவை. ஒன்றினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், அஞ்ச வேண்டியதில்லை. மற்றொன்றினால் கண் பார்வை பாதிக்கப்படலாம். நிறங்கள் மங்கினால் உடனே சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். சிதம்பரத்தில் நான் இவற்றை வாங்கிய கடையிலிருந்துதான் இரண்டாவது கதை புறப்பட்டிருக்க வேண்டும். கைக்குட்டைக்காரருக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: இந்த நோய் இருமலால் பரவாது, தொட்டால் ஒட்டாது. என் நுரையீரல் உங்களுடையதைவிட நன்றாக இருக்கிறது. எக்ஸ்ரே இருக்கிறது. வந்தால் காட்டுவேன்.

பிறகு இயன்முறைச் சிகிச்சை. பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு அரசியைவிட வயது குறைவு. ரப்பர் பந்தைக் கொடுத்து, "அமுக்குங்க தாத்தா, குட்," என்றாள். எனக்கு அவள் பேத்தி முறையல்ல. நாலைந்து நாள் பொறுத்தேன். பிறகு, கழியின் அடித்துண்டை அரசியைக் கொண்டுவரச் சொல்லி மேஜையில் வைத்தேன். அதன் கைப்பிடி கார்க்கினால் ஆனது. இதைப் பிடிக்கத்தான் எனக்கு விரல் மடங்க வேண்டும், பந்தைப் பிடிக்க அல்ல என்றேன். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். கைப்பிடியின் சுற்றளவை நூலால் அளந்துகொண்டாள். மறுநாளிலிருந்து பயிற்சி முழுவதும் அந்தக் கைப்பிடியைக் கொண்டுதான். துணியைச் சுற்றித் தடிமனாக்கிப் பிடிக்கச் செய்தாள்; விரல் மடங்க மடங்க ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். துணி முழுவதும் அவிழ்ந்த நாளில், "இப்ப எறிஞ்சி காட்டுங்க தாத்தா," என்றாள். தாத்தா என்பதை மட்டும் அவள் கடைசிவரை விடவில்லை. நடுவிரலின் நுனி மூட்டு முழுமையாக மடங்காது. மற்றவை மடங்குகின்றன.

கையில் காயம் பட்டு மருத்துவரிடம் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்றுதான் உண்டு. நீங்களே பேசுங்கள். ஆற்றில் இறங்கியிருந்தாலும், மீன் அலம்பியிருந்தாலும், பேரனுக்காகத் தொட்டி கழுவியிருந்தாலும் சொல்லுங்கள். கூட வந்தவர் மானம் காக்க நினைக்கலாம். கிருமிக்கு அந்த அக்கறை கிடையாது.

நிச்சயம் நடந்து முடிந்தது. சென்ற வாரம் மீண்டும் ஆற்றுக்குப் போகலாம் என்று மருத்துவர் அனுமதித்தார், கையுறையோடு. விடியற்காலையில் போவதே என் வழக்கம்; கழியை நான்கு துண்டாகப் பிரித்து நீண்ட உறையில் போட்டுக்கொள்வேன். உறையைப் பார்த்தவர்கள் யோகாசனப் பாய் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்தியதில்லை.

இம்முறை காலை எட்டு மணிக்குமேல், நன்றாக வெயில் வந்த பிறகு புறப்பட்டேன். வீட்டு வாசலிலேயே நான்கு துண்டுகளையும் பூட்டினேன். நடுவிரல் தயங்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. சபாநாயகம் உடன் வந்தார். வரச் சொன்னது நான்தான். கையுறையையும் தண்ணீர் பாட்டிலையும் அவரிடம் கொடுத்தேன். காரைத் தெருமுனையில் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒன்பதடிக் கழியை நிமிர்த்திப் பிடித்தபடி கீழவீதியில் நடந்தேன். பூக்கடை திறந்திருந்தது. பள்ளிக்கூட ஆட்டோக்கள் ஓரமாக ஒதுங்கி வழி விட்டன.

மன்றத்து உறுப்பினர், கைக்குட்டைக்காரர், எதிரே வந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கழியை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. சபாநாயகத்திடம் கேட்டார்.

"என்னாங்க இது, அய்யா கையில?"

சபாநாயகம் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லாமல், கயிறு பின்னே நீளும்வரை காத்திருப்பவனைப் போல நின்றேன்.

"தூண்டிலுங்க," என்றார் சபாநாயகம். "மாமா மீன் புடிக்கப் போறாரு."